இடுப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் அம்மாவின் காலைக் கவனியுங்கள்

கிணற்றடியிலோ மலசலகூட வாசலிலோ வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த வயோதிபத் தாயை வைத்தியசாலையில் சேர்க்கிறோம். சத்திரசிகிச்சை நடக்கிறது. பின்னர் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் காலின் நாளங்களில் இரத்தம் கட்டியாக உறையும் ஆபத்து அதன் பின்பும் பல வாரங்களுக்கு உண்டு. வாட்டில் தாதியர் செய்த பணியை வீட்டில் தொடர வேண்டியவர் நீங்கள்தான்.

ஏன் உறைகிறது?

நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி இரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுகின்றன. அசையாமல் படுத்திருந்தால் இரத்தம் காலில் தேங்குகிறது. முறிவும் சத்திரசிகிச்சையும் இரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டுகின்றன. உறைந்த கட்டி பிரிந்து சென்று நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. முன்பு கட்டி உறைந்தவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், உடல் பருத்தவர்கள் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தடவை இரு பாதங்களையும் மேலும் கீழுமாகப் பத்துத் தடவை அசைக்கச் செய்யுங்கள். வைத்தியரும் இயன்மருத்துவரும் அனுமதித்தபடி கதிரையில் இருத்தி, ஊன்றுகோலுடன் நடக்க விடுங்கள். தனியே தூக்க முயலாதீர்கள். அயலவர் ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள்.

2. பல தாய்மார், "பிள்ளைக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாது, அடிக்கடி வெளிக்குப் போக ஏலாது" என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். உடலில் நீர் குறைந்தால் இரத்தம் தடிக்கும். தண்ணீர், கஞ்சி என்று கேளாமலே கொடுங்கள். இருதய, சிறுநீரக நோயாளருக்கு வைத்தியர் சொன்ன அளவே கொடுக்க வேண்டும்.

3. இரத்தம் உறையாதிருக்க ஊசியோ குளிசையோ தந்திருந்தால் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் ஒரு மாதமளவில் தொடர்வார்கள். வயிற்றில் போடும் ஊசியை ஒவ்வொரு நாளும் இடம் மாற்றிப் போட வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கக்கூடாது. மலம் கறுத்துப்போனாலோ, மூக்கிலோ முரசிலோ இரத்தம் நிற்காமல் வந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். அவரைக் கேளாமல் கடையில் நோக்குளிசை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

4. இறுக்கமான காலுறையை வைத்தியரோ தாதியரோ சொன்னால் மட்டும் போடுங்கள். நீரிழிவினால் காலில் இரத்த ஓட்டம் குறைந்தவருக்கு அது புண்ணை உண்டாக்கலாம். முழங்காலின் கீழ் மட்டும் தலையணை வைக்காதீர்கள்.

காலை உருவாதீர்கள்

இது மிக முக்கியம். கால் வீங்கி வலித்தால் எண்ணெய் தடவி உருவிவிடுவது எங்கள் வழக்கம். உள்ளே கட்டி இருந்தால், உருவும்போது அது பிரிந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். முறிவு நெரிவு வைத்தியரிடமும் கொண்டுபோக வேண்டாம். முதலில் வைத்தியசாலையில் காட்டுங்கள்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

சத்திரசிகிச்சை செய்த காலில் சிறிது வீக்கம் இருப்பது வழமை. ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாகி, நிறம் மாறி, கெண்டைக்கால் நொந்தால் அன்றே காட்ட வேண்டும். தையற்காரரின் அளவு நாடாவால் இரண்டு கெண்டைக்கால்களையும் ஒரே இடத்தில் அளந்து குறித்து வாருங்கள். வித்தியாசம் 3 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் பொறுத்திருக்க வேண்டாம். சத்திரசிகிச்சை செய்யாத காலிலும் கட்டி வரலாம்.

திடீரென மூச்சுத் திணறினால், மூச்செடுக்கும்போது நெஞ்சு குத்தினால், இருமலில் இரத்தம் வந்தால், மயங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 இலக்கத்துக்கு எடுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். இரவென்றாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். சத்திரசிகிச்சை செய்த திகதியையும் கொடுக்கும் மருந்துகளையும் எழுதிய துண்டைக் கையில் கொண்டுபோங்கள்.