தண்டவாளக் கணக்கு

பட்டணத்தை அறிய வேண்டுமானால், ஒரு நண்பரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பொது வண்டியில் ஏற வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து பறக்கும் ரயிலில் திருமயிலைக்குப் பிரயாணமானோம். வழியில் பக்கிங்ஹாம் கால்வாயும், கொல்லைப்புறத்துத் துணிக் கொடிகளும் தரிசனம் தந்தன.

“ரயில் வந்த பிறகுதான் மயிலாப்பூருக்கு யோகம்!” என்றார் நண்பர்.

யோகம் பழையதுதான். 1895-லேயே சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. பின்னர் மயிலைக்கும் வந்து போயிற்று. நஷ்டமென்று 1953-ல் அது நின்றது. திருமயிலைக்கு ரயில் வந்ததோ 1997-ல். நடுவே 44 வருஷம்!

பொது வண்டி ஓடுவதால் வரும் நஷ்டத்தை எழுதக் கணக்குப்பிள்ளைகள் உண்டு. அது நிற்பதால் ஜனங்களுக்கு வரும் நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?