கைராசியும் இல்லை, கால்ராசியும் இல்லை... பாத்திரம்!

தில்லி, நொய்டா, குர்காவ் பக்கம் வேலைக்கு வந்து குடித்தனம் வச்சிருக்கிற நம்ம மக்கள் நாலு பேர் கூடினா, பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் டிசம்பர் மாசத்துல ஒரே இடத்துலதான் வந்து நிக்கும். "உங்க வீட்டுல மாவு பொங்குதா?"

இதுக்கு வர்ற பதில்களை வச்சு ஒரு புத்தகமே போடலாம். இங்கத்த உளுந்து சரியில்லை, தண்ணி சரியில்லை, மிக்ஸில அரைச்சா அப்படித்தான், வெந்தயம் போடணும், அவல் போடணும்... கடைசியா ஊர்லேருந்து போன்ல வரும் பாருங்க ஒரு தீர்ப்பு: "சிலருக்குக் கை அப்படிம்மா. குளிர்ச்சியான கை. மாவு பொங்காது."

மத்ததெல்லாம் போகட்டும். இந்தக் கடைசித் தீர்ப்பைக் கேட்டாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். கல்யாணம் ஆன கையோட ஜனவரி குளிர்ல மயூர் விஹார்லயோ துவாரகாவுலயோ வந்து இறங்கின பொண்ணு. வெளியில ராத்திரி 7, 8 டிகிரி. விடிய விடிய மாவு அப்படியே கல்லு மாதிரி உக்காந்திருக்கு. உடனே அவ கை மேல பழி. சரி, அதே பொண்ணு மே மாசம் அதே கையால கலக்கி வச்ச மாவு அஞ்சு மணி நேரத்துல பொங்கி மேடையெல்லாம் வழியுதே, அப்ப என்ன சொல்வாங்களாம்? நடுவுல கைராசி திரும்பி வந்துடுச்சா? :-)

என் கட்சி இதுதான். குத்தம் கையில இல்லை. பாதிக் குத்தம் ஊர்க் குளிர்ல. மீதிப் பாதி, மாவை எதுல ஊத்தி வைக்கிறோம்ங்கிறதுல. குளிரை நம்மால மாத்த முடியாது, பாத்திரத்தை மாத்தலாம். அதைப் பத்தி மட்டும் நாம யோசிக்கிறதே இல்லை. கைக்கு வந்த குண்டானை எடுக்குறோம், ஊத்துறோம், மூடுறோம், சாமியைக் கும்பிட்டுட்டுப் படுத்துடுறோம்.

என் ஆபீஸ்ல ஒருத்தர் பத்து வருஷம் அமெரிக்காவுல இருந்துட்டு வந்தவர். அங்க இருந்தப்ப வீட்டுலயே பீர் காய்ச்சுவாராம். (பதறாதீங்க. அமெரிக்காவுல 1978-ல சட்டம் போட்டு வீட்டு உபயோகத்துக்கு அனுமதிச்சுட்டாங்க. இங்கிலாந்துல அதுக்கும் முன்னாடி, 1963-லயே உரிமம் வேண்டாம்னு ஆக்கிட்டாங்க. நம்ம ஊர்ல இது மாநில கலால் சட்டத்துல வர்ற சமாச்சாரம், உரிமம் இல்லாம செஞ்சா வம்பு. நான் யாரையும் காய்ச்சச் சொல்லலை!) அவர்கிட்ட லஞ்ச் நேரத்துல பேச்சுக் கொடுத்தா, பீரைப் பத்திப் பேசினதை விட அது புளிக்கிற பாத்திரத்தைப் பத்திப் பேசினதுதான் ஜாஸ்தி. பிளாஸ்டிக் வாளியா, கண்ணாடிக் குடுவையா, எவர்சில்வரா? 19 லிட்டர் ஊத்தணும்னா பாத்திரம் 25 லிட்டராவது இருக்கணும், ஏன்னா நுரை ஏறும். உள்ள வர்ற வாயு வெளியே போகணும், ஆனா காத்து உள்ள வரக் கூடாது, அதுக்குன்னு தண்ணி ஊத்தின ஒரு சின்ன அடைப்பான். கண்ணாடி சுத்தம்தான், ஆனா ஈரக் கையில வழுக்கி உடைஞ்சா ஆஸ்பத்திரிதான். பிளாஸ்டிக் லேசு, ஆனா கீறல் விழுந்தா அதுல கிருமி குடியேறிடும்.

ஒரு தடவை கூட அவர் 'கைராசி'ன்னு சொல்லலை. சரியா வரலையா, முதல்ல தெர்மாமீட்டரைப் பாப்பாராம், அப்புறம் பாத்திரத்தை. நம்ம மாவும் அதே குடும்பம்தானே? அங்க ஈஸ்ட் வேலை செய்யுது, இங்க பாக்டீரியா. உளுந்துலயும் அரிசியிலயும் ஒட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வர்ற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மாவுல இருக்கிற சர்க்கரையைத் தின்னுட்டு புளிப்பையும் கரியமில வாயுவையும் விடுது. உளுந்தோட வழவழப்பு அந்த வாயுவைக் குமிழ் குமிழா பிடிச்சு வச்சுக்குது. அதுதான் 'பொங்கறது'. 30 டிகிரி பக்கத்துல வச்சா எட்டுலேருந்து பன்னிரண்டு மணி நேரத்துல வேலை முடிஞ்சுடும். 15 டிகிரியில வச்சா அதுங்களும் நம்மள மாதிரியே ரஜாய்க்குள்ள சுருண்டு படுத்துக்கும்.

அதனால பாத்திரத்துகிட்ட நாம கேக்க வேண்டியது மூணே மூணு.

ஒண்ணு, இடம். மாவு பாத்திரத்துல பாதிக்கு மேல இருக்கக் கூடாது. நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து அரைச்சா ரெண்டரை லிட்டர் கிட்ட மாவு வருதா? அப்ப அஞ்சு லிட்டர் பாத்திரம். அகலமான பேசினை விட உயரமான அடுக்கு நல்லது. அகலமா இருந்தா மேல்பரப்பு ஜாஸ்தி, சூடு சீக்கிரம் ஓடிடும், மேல ஏடு காஞ்சு போகும்.

ரெண்டு, மூச்சு. பீர்காரங்க காத்துக்குப் பயப்படுறாங்க, ஏன்னா அவங்களுக்கு அது வாரக் கணக்குல இருக்கணும். நமக்கு ஒரு ராத்திரி வேலை. காத்து பட்டாலும் ஒண்ணும் கெடாது. ஆனா உள்ள வர்ற வாயு வெளியே போயே ஆகணும். நாலு பக்கமும் கிளிப் போட்டு 'டக்'குனு பூட்டுற டப்பா, திருகு மூடி போட்ட கண்ணாடி ஜாடி ரெண்டும் இந்த வேலைக்கு வேண்டாம். பாக்கெட் மாவு ஃபிரிட்ஜுக்கு வெளியில ரெண்டு மணி நேரம் இருந்தா தலகாணி மாதிரி உப்புது பாருங்க, அந்த அழுத்தம்தான் இதுலயும். சிலர் குக்கர்ல ஊத்தி கேஸ்கட், வெயிட்டோட மூடி வைக்கிறாங்க. மாவு ஏறி வெயிட் குழாயை அடைச்சுக்கிச்சுன்னா, அடுத்த தடவை பருப்பு வேக வைக்கிறப்பதான் அதோட ஆபத்து தெரியும். குக்கர் பாத்திரத்தைத் தாராளமா எடுத்துக்குங்க, மேல சாதாரணத் தட்டு போட்டு மூடுங்க.

மூணு, சூடு. சண்டையே இங்கதான்.

ஜாடி கட்சிக்காரங்க ரொம்பப் பேர் இருக்காங்க. பாட்டி காலத்து பீங்கான் ஜாடி, ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல மடியில வச்சுக் கொண்டு வந்தது, அதுல வச்சாத்தான் மாவு பொங்கும்னு அடிச்சுச் சொல்வாங்க. ஜாடி மேல எனக்கும் பாசம் உண்டு. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. நாலு கிலோ ஜாடி, ராத்திரி பூரா 12 டிகிரி சமையலறையில இருந்து அதுவும் 12 டிகிரி. அதுல 30 டிகிரியில இருக்கிற மூணு கிலோ மாவை ஊத்துறீங்க. முதல் அரை மணி நேரத்துல ஜாடி தன்னைச் சூடாக்கிக்க மாவுகிட்டேருந்து நாலு டிகிரிக்கு மேல பிடுங்கிக்கும். அப்புறம்தான் மாவைப் பாத்துக்கவே ஆரம்பிக்கும்! அதே மாவை ஒரு கிலோ எடையுள்ள எவர்சில்வர் அடுக்குல ஊத்தினா ஒரு டிகிரி கூடக் குறையாது.

அப்ப பாட்டிக்கு மட்டும் எப்படிப் பொங்குச்சு? பாட்டியோட சமையலறையே 30 டிகிரி! திருநெல்வேலியில ஜாடியும் 30, மாவும் 30, காத்தும் 30. அங்க நீங்க ஹெல்மெட்டுல ஊத்தி வச்சாலும் பொங்கும். அந்த ஊர்ல ஜாடிக்கு வந்த நல்ல பேரை இந்த ஊருக்குத் தூக்கிட்டு வந்துட்டோம், அவ்வளவுதான்.

பாத்திரத்தோட உலோகமே சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும்னு எதிர்பாக்குறதுதான் நம்ம வழக்கம். அது பாத்திரத்தோட வேலை இல்லை, அதுக்குப் போடுற சட்டையோட வேலை. நாம ஜனவரியில ஸ்வெட்டர் போட்டுக்கிறோம், மே மாசம் பனியனோட உக்காந்திருக்கோம். உள்ள இருக்கிற ஆள் ஒரே ஆள்தானே? அதே மாதிரி, வருஷம் பூரா ஒரே எவர்சில்வர் அடுக்கு போதும். சட்டையை மட்டும் மாத்துங்க.

குளிர்காலச் சட்டை: பிக்னிக்குக்கு எடுத்துட்டுப் போற ஐஸ் பெட்டி. ஜில்லுன்னு வைக்கிறதுக்காகச் செஞ்சதுன்னு நினைக்காதீங்க, அதுக்கு உள்ள இருக்கிறது வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான் தெரியும். அது இல்லையா, தெர்மோகோல் பெட்டி. அரிசியையும் உளுந்தையும் வெதுவெதுப்பான தண்ணியில ஊறப் போடுங்க. அடுக்கை வெந்நீர்ல ஒரு அலசு அலசுங்க. மாவை ஊத்தி, தட்டு போட்டு, பெட்டிக்குள்ள வச்சு, பக்கத்துல ஒரு எவர்சில்வர் பாட்டில்ல சுடுதண்ணி. பெட்டியை மூடிடுங்க. எங்க வீட்டு சமையலறை ஜனவரி ராத்திரி 13 டிகிரி காட்டும். பெட்டிக்குள்ள காலையில பாத்தாலும் 26க்குக் குறையாது. பெட்டி இல்லாதவங்க மைக்ரோவேவ் அவனை ஆன் பண்ணாம, உள்ள அடுக்கையும் ஒரு கிண்ணம் வெந்நீரையும் வச்சு மூடலாம், நடுவுல ஒரு தடவை வெந்நீரை மட்டும் மாத்தணும்.

கோடைக்கால சட்டை: சட்டையே வேண்டாம்! மே, ஜூன்ல வெளியில 45-ஐத் தொடுற ஊரு இது. கூலர் ஓடுற வீட்டுக்குள்ளயே 35. இப்ப எவர்சில்வரோட அருமை தெரியும். மாவு போதுமான அளவு பொங்கினதும் அடுக்கோட ஃபிரிட்ஜுல வச்சா சீக்கிரம் குளிர்ந்து புளிப்பு நின்னுடும். ஜாடியா இருந்தா அது வச்சிருக்கிற சூடு ஆறுறதுக்குள்ள மாவு மேலும் புளிச்சு, மறுநாள் ஊத்தப்பத்துக்குக் கூட ஆகாது. குளிர்ல சூட்டைத் திருடுன அதே ஜாடி, வெயில்ல சூட்டை விட மாட்டேங்குது. ரெண்டு பக்கமும் இடி! அதை ஊறுகாய்க்கு விடுங்க, அதுதான் அதுக்குப் பெருமை.

மத்த பாத்திரங்களைச் சுருக்கமா சொல்லிடறேன். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். ஈயம் பூசாத பித்தளை, செம்பு கூடவே கூடாது. பெயிண்ட் வந்த வாளியைக் கழுவி வச்சுக்கிறவங்களைப் பாத்திருக்கேன், தயவு செஞ்சு அதை மாடிச் செடிக்குக் கொடுத்துடுங்க. அழகுக்குன்னு விக்கிற வண்ண மண்பாண்டத்து மெருகுல காரீயம் இருக்கலாம், அதனால உணவுக்குன்னு செஞ்சதா இருந்தா மட்டும் வாங்குங்க. எவர்சில்வர் வாங்கறப்ப 304-னு முத்திரை இருக்கான்னு பாருங்க. சதர் பஜார் டெபுடி கஞ்ச் பக்கம் போனா தெரு பூரா பாத்திரக் கடைதான், பேரம் பேச ஹிந்தி தெரிஞ்ச ரங்கமணியைக் கூட்டிட்டுப் போங்க. (எங்க வீட்டு ரங்கமணி சொன்ன விலைக்கு மேலயே குடுத்துட்டு வர்ற ரகம், அது வேற கதை.)

பொங்கலைன்னா ஈஸ்ட் தூவுங்கன்னு சிலர் சொல்றாங்க. எனக்கு உடன்பாடு இல்லை. ஈஸ்ட் போட்டா வாயு வரும், உப்பும், இட்லியும் பாக்க நல்லா இருக்கும். ஆனா புளிப்பு வரணும்னா அந்த பாக்டீரியாதான் வேலை செய்யணும். வாயில வச்சா ரொட்டி வாசம் வரும். இட்லின்னு பேர் இருக்கும், இட்லி இருக்காது.

'இதுக்கெல்லாம் இவ்வளவு பேச்சா, பாக்கெட் வாங்கிட்டுப் போ'ன்னு கேக்கலாம். வாங்குங்க, தப்பே இல்லை. வேலைக்குப் போற வீட்டுல அது பெரிய ஒத்தாசை. ஆனா 'எனக்கு வராது, என் கை அப்படி'ன்னு மனசு விட்டு அரைக்கிறதை நிறுத்தினவங்க எத்தனை பேர்னு எனக்குத் தெரியும். எங்க காலனியிலயே மூணு வீடு. அந்தக் குழந்தைங்களுக்கு இட்லிங்கிறது லீவுக்கு ஆச்சி வீட்டுக்குப் போனா கிடைக்கிற பண்டம். கைராசின்னு ஒரு வார்த்தையை போன்ல போற போக்குல சொல்லிடறோம். அதைக் கேட்ட பொண்ணு அதை வருஷக் கணக்கா சுமக்கிறா.

அதனால ஊர்ல இருக்கிற அத்தைமார், அம்மாமார்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த குளிர்ல தில்லியிலேருந்து மருமக போன் பண்ணி "மாவு பொங்கலை அத்தை"ன்னா, கையைப் பத்திப் பேசாதீங்க. "எதுல ஊத்தி வச்சே? எங்க வச்சே?"ன்னு கேளுங்க. மகன் பக்கத்துல இருந்தா, ஐஸ் பெட்டியை பரண்லேருந்து இறக்கித் தரச் சொல்லுங்க. மாவு பொங்கும்.