அணிலின் முதுகில் எத்தனை கோடுகள்?

இராமபிரான் தடவியதால் அணிலின் முதுகில் மூன்று கோடுகள் விழுந்தன என்று, விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது பாட்டி சொல்லியிருப்பார். தில்லியில் உங்கள் குடியிருப்பு வேப்பமரத்து அணிலை எண்ணிப் பாருங்கள். ஐந்து கோடுகள் இருக்கும். பாட்டி சொன்னது பிழையன்று. தென்னாட்டு அணில் ஓர் இனம். வடநாட்டு அணில் வேறோர் இனம். உயிரியல் பூங்காவின் சிங்கத்தை அறிந்த நாம், சாளரத்தருகே வாழும் உயிரை அறியாதிருப்பது முறையன்று.

அறியாமையால் கேடும் விளையும். தில்லியின் முதிய மரங்களில் சாம்பல் நிற இருவாச்சி வாழ்கிறது. கோடையில் பெண்பறவை மரப்பொந்தினுள் புகுந்து, சிறு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். ஆண்பறவை ஆலம்பழமும் அத்திப்பழமும் கொணர்ந்து அப்பிளவின் வழியே ஊட்டும். பல வாரங்கள் தாய் வெளிவருவதில்லை. வெளிச்சத்தை மறைக்கிறதென்று அக்காலத்தில் அம்மரத்தை வெட்டினால் என்ன ஆகும்? வெட்டுவோர் கொடியவர் அல்லர். உள்ளே ஒரு குடும்பம் இருப்பதை அறியாதவர்.

சித்திரை, வைகாசியில் மரம் வெட்ட ஆள் வந்தால், முதலில் பொந்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இருவாச்சியை இந்தியில் ‘தனேஷ்’ என்பர். அப்பெயரைச் சொன்னால் அவருக்கும் விளங்கக்கூடும்.