வறட்சியிலும் விலாங்குக்கு ஒரு பங்கு வேண்டும்

2020 மே 16 முதல் ஆக்லாந்தில் வீட்டுக்கு வெளியே ரப்பர் குழாய் பிடிக்கத் தடை. 1994க்குப் பிறகு அப்படியொரு கட்டாயக் கட்டுப்பாடு வந்தது அப்போதுதான். ஈஸ்ட் டாமாக்கியில் எங்கள் தெருக் கார்கள் புழுதி படிந்து நின்றன. அரிசி களைந்த தண்ணீரைக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றினேன். பக்கத்து வீட்டு ஃபிஜி அக்கா கீரைப் பாத்திக்கு வாளியில் சுமந்தார். இந்த நகரத்தின் தண்ணீரில் பெரும்பகுதி, ஹூனுவா மலைகளின் நான்கு அணைகளில் தேங்கி ஆர்ட்மோர் சுத்திகரிப்பு நிலையம் வழியாக வருகிறது. அணைகளின் மட்டத்தைச் செய்தியில் தினமும் பார்த்தோம். அணைக்குக் கீழே ஆற்றில் எவ்வளவு ஓடுகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

அங்கே இருப்பது நீள்துடுப்பு விலாங்கு. நியூசிலாந்தைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். எண்ணிக்கை குறைந்துவருவதாக அரசே பட்டியலிட்டிருக்கிறது. எங்கள் பக்கத்து ஓடைகளிலும் விலாங்கு உண்டு. பாலத்து நிழலில் கிடப்பதைக் குனிந்து பாருங்கள்: முதுகுத் துடுப்பு, அடித்துடுப்புக்கு வெகு முன்னாலேயே தொடங்கினால் நீள்துடுப்பு, இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில் தொடங்கினால் குட்டைத்துடுப்பு. அந்த வறண்ட கோடையில் ஃபிளாட் புஷ் பக்கம் ஒரு மடுவில் பெரிதும் சிறிதுமாக நாலைந்து ஒடுங்கிக் கிடந்தன. வாலசைத்த இடமெல்லாம் சேறு கலங்கியது. ஒன்று மூக்கை நீர்மட்டத்துக்கு வெளியே நீட்டியபடியே இருந்தது.

பெண் விலாங்கு முதிர்ச்சியடைய 25 ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். பிறகு ஓர் இலையுதிர் காலத்து மழை இருட்டில், ஆறு பெருகும்போது, கடலை நோக்கிப் புறப்படும். டோங்கா பக்கத்து ஆழ்கடலில் ஒரே ஒரு முறை முட்டையிட்டு இறந்துவிடும். நீரோட்டத்தில் மிதந்துவரும் குஞ்சுகள் ஆற்றுக்குள் நுழைந்து, ஈரப் பாறையில் செங்குத்தாகக்கூட ஏறும். அணைச் சுவரைத் தாண்ட முடியாதவற்றைப் பொறிவைத்துப் பிடித்து மேலே கொண்டுவிடும் வேலையை, நகரத்துக்குக் குடிநீர் வழங்கும் வாட்டர்கேர் நிறுவனம் செய்கிறது. நல்ல வேலை, நிறுத்தக் கூடாது. ஆனால் கடலுக்கு இறங்கும் தாய் விலாங்குக்கு வேண்டியது பெருகிவரும் தண்ணீர். வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையை வெறும் வயிற்றோடு இருக்கும் அணை முழுசாக விழுங்கிவிட்டால் அந்தப் பயணம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். ஆகவே ஓடை காயாத அளவுக்குச் சொட்டவிடுவது மட்டும் போதாது. மார்ச் முதல் மே வரை மழை வரும் இரவுகள் சிலவற்றிலாவது ஒரு பெருக்கைத் திறந்துவிட வேண்டும்.

பதினாறு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வாழும் நகரத்தில் மீனுக்கா தண்ணீர் என்று கேட்பார்கள். குடிக்கும் தண்ணீரை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. நான் வேலை பார்க்கும் உணவுத் தொழிற்சாலையில் அந்த ஆண்டு, தரையைத் துடைப்பத்தால் பெருக்கி அள்ளிவிட்டுப் பிறகு கழுவச் சொன்னார்கள். அதுவரை எல்லாக் கழிவையும் தண்ணீரை அடித்தே தள்ளிக்கொண்டிருந்தோம். உற்பத்தி ஒரு நாளும் நிற்கவில்லை. அணை பாதியாகும்வரை இதற்கெல்லாம் ஏன் காத்திருக்க வேண்டும்?

2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தேசிய நன்னீர்க் கொள்கை ஒரு வரிசை வகுத்தது: முதலில் நீர்நிலையின் நலம், அடுத்து மக்களின் குடிநீர், அதன் பிறகே மற்றவை. மாவோரிகளின் 'தே மானா ஓ தே வாய்' என்ற கருத்து அதன் அடிப்படை. 2024 அக்டோபரில் நிறைவேறிய திருத்தச் சட்டம், உரிமம் வழங்கும் முடிவுகளிலிருந்து அந்த வரிசையை விலக்கிவிட்டது. இது தவறு. வைகாட்டோ ஆற்றிலிருந்து நாளொன்றுக்குக் கூடுதலாக 1,50,000 கன மீட்டர் எடுக்க 2022ல் ஆக்லாந்துக்கு அனுமதி கிடைத்தது. அந்த ஆற்றிலும் விலாங்கு உண்டு. பக்கத்து ஆற்றின் தலையில் நம் தாகத்தை ஏற்றிவைத்துவிட்டு ஹூனுவா நிம்மதியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

கொள்ளிடத்து அணைக்கரைப் பக்கம் பிறந்தவன் நான். கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மீன், 1934ல் மேட்டூர் அணை வந்தபின் அருகிப்போனது. 2007ல் காவிரி நடுவர் மன்றம் பங்கிட்ட 740 டி.எம்.சி.யில் சுற்றுச்சூழலுக்கு 10, கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போவதாக 4. அந்த நாலைக்கூட வீண் என்று நினைத்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல: அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் 2002 வறட்சியில் பாசனத்துக்கு நீரைத் திருப்பிய பிறகு, செப்டம்பரில் 30,000க்கும் மேற்பட்ட மீன்கள், பெரும்பாலும் சால்மன், செத்து மிதந்தன. நியூசிலாந்திலேயே உபோகொரோரோ என்ற மீனுக்கு 1951ல் முழுச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தார்கள். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அது யார் கண்ணிலும் படாமல் போயிருந்தது.

வள மேலாண்மைச் சட்டத்தை மாற்றி எழுதும் வேலை வெலிங்டனில் நடக்கிறது. ஒவ்வோர் அணைக்கும் கீழே குறைந்தபட்சம் எவ்வளவு ஓட வேண்டும், இலையுதிர் காலப் பெருக்கு எத்தனை இரவு, அணை எந்த மட்டத்துக்கு இறங்கினால் தொழிற்சாலைகளும் கார் கழுவுமிடங்களும் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை உரிமத்திலேயே எண்ணாக எழுத வேண்டும். ஹூனுவாவோடு தலைமுறைகளாக உறவுள்ள ங்காய் தாய் கி டாமாக்கி என்ற மாவோரி மக்களை உட்காரவைத்து எழுத வேண்டும். அணைகள் நிறைந்திருக்கும்போதே எழுத வேண்டும். குழாயில் தண்ணீர் வருமா என்று நகரம் பதறும் நாளில் விலாங்குக்காகப் பேச யாருக்கும் வாய் வராது.