பார்க்கலாம், சந்திக்கக் கூடாதா?

லடாக்கில் லே நகரிலிருந்து கார்துங் லா கணவாயைத் தாண்டி, நூப்ரா பள்ளத்தாக்கு வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர் போனால் ஷியோக் ஆற்றங்கரையில் துர்துக் வரும். 2010-ல்தான் இந்த ஊர் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று கோடைக்காலத்தில் சென்னை, கோவையிலிருந்து பைக்கில் கிளம்புகிறவர்களின் பயணப் பட்டியலிலும் அது இருக்கிறது. அதையும் தாண்டிப் போனால் தாங். அதற்கப்பால் கட்டுப்பாட்டுக் கோடு. அங்கே நின்று தொலைநோக்கியில் பார்க்கிறவர்களுக்குப் பாகிஸ்தான் வசமுள்ள ஊரின் வீடுகளும் வயல்களும் தெரிகின்றன. பயணிக்கு அது ஒரு காட்சி. இந்த ஊர்க்காரருக்கோ அது அண்ணன் வீடு, அத்தை வீடு. வெளியூர்க்காரர்கள் வந்து எல்லையைப் பார்த்துவிட்டுப் போக வழிசெய்த அரசு, அந்த எல்லையால் பிரிந்த குடும்பங்கள் சந்திக்கவும் வழிசெய்ய வேண்டும். அதைச் செய்யாதவரை துர்துக்கின் கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

இந்தப் பிரிவு 1947-ல் வந்ததல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. துர்துக், சாலுங்கா, தியாக்‌ஷி, தாங் ஆகிய நான்கு ஊர்களும் பால்டிஸ்தானின் பகுதி. மக்கள் பேசுவது திபெத்தியக் குடும்பத்தைச் சேர்ந்த பால்டி மொழி, சமயம் இஸ்லாம். டோக்ரா மன்னர்களின் ஆட்சியில் லே, கார்கில், ஸ்கர்து மூன்றும் ஒரே லடாக் நிர்வாகத்தின் கீழ் இருந்தன. 1947-48 போருக்குப் பிறகு ஸ்கர்துவோடு சேர்ந்து இந்த ஊர்களும் பாகிஸ்தான் பக்கம் போயின. 1971 டிசம்பரில், மேஜர் சேவாங் ரிஞ்சன் தலைமையிலான இந்தியப் படை ஷியோக் பள்ளத்தாக்கில் முன்னேறி, சில நாட்களில் சுமார் 800 சதுர கிலோமீட்டரைக் கைப்பற்றியது. டிசம்பர் 17-ல் போர் நின்றபோது படைகள் நின்ற இடமே எல்லையானது. 1972 சிம்லா ஒப்பந்தம் அதைக் கட்டுப்பாட்டுக் கோடாக உறுதிசெய்தது. படிக்கவும் பிழைக்கவும் பாகிஸ்தான் பகுதிகளுக்குப் போயிருந்தவர்கள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். அவர்கள் யாரும் நாட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த வாரம் யார் எங்கே இருந்தார்களோ, அதுவே அவர்களுடைய நாடாகிவிட்டது. கணவன் ஒரு பக்கம், மனைவி மறுபக்கம் என்றும், பெற்றோர் ஒரு பக்கம், பிள்ளை மறுபக்கம் என்றும் குடும்பங்கள் பிரிந்தன.

சட்டப்படி அவர்கள் சந்திக்க ஒரு வழி இருந்தது. கடவுச்சீட்டு எடுத்து, விசா வாங்கி, லேயிலிருந்து இறங்கி அமிர்தசரஸ், வாகா, லாகூர், இஸ்லாமாபாத் வழியாக மீண்டும் மலையேறி ஸ்கர்துவுக்குப் போக வேண்டியிருந்தது. ஆற்றோரமாகப் போனால் ஒரு நாளில் முடியும் பயணம் இப்படி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. ஆப்ரிகாட் பழத்தையும் கோடைக்காலப் பயணிகளையும் நம்பி வாழும் குடும்பத்துக்கு அந்தச் செலவு சாதாரணமல்ல. விசா கிடைப்பது அதைவிட அரிதாக இருந்தது. அதனால்தான் சிலர் மெக்கா யாத்திரைக்குப் போய், அந்நிய மண்ணில் சொந்தச் சகோதரனைச் சந்தித்திருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்ற பிறகு, வாகாவுக்கு எதிரே இந்தியப் பக்கமுள்ள அட்டாரி எல்லை மூடப்பட்டது, விசாக்களும் ரத்தாயின. இருந்த அந்த ஒரு வழியும் அடைபட்டது.

இங்கே எழும் முதல் ஆட்சேபம் பாதுகாப்பு. அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. கார்கில் போர் நடந்த மலைத்தொடர் இது. சியாச்சின் இதற்கு வடக்கே இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிய வணிகம் 2008-ல் தொடங்கி, ஆயுதமும் போதைப்பொருளும் கள்ளநோட்டும் அதன் வழியாக வருவதாகக் கூறி 2019 ஏப்ரலில் மத்திய அரசால் நிறுத்தப்பட்டது. ஆனால் இந்தக் குற்றச்சாட்டு சரக்கு லாரிகளைப் பற்றியது. நான் கேட்பது சரக்குப் போக்குவரத்து அல்ல. பெயர்கள் முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட முதியவர்கள், ராணுவத்தின் கண்முன்னே, குறித்த இடத்தில், குறித்த நாளில் சில மணி நேரம் சந்திப்பதற்கான ஏற்பாடு. இந்தியாவுக்கு இது புதிதுமல்ல. 2005-ல் ஸ்ரீநகர்–முசாஃபராபாத் பேருந்தும், 2006-ல் பூஞ்ச்–ராவலாகோட் பேருந்தும் தொடங்கியபோது, பிரிந்த குடும்பத்தினர் கடவுச்சீட்டு இல்லாமல், இரு தரப்பும் சரிபார்த்த அனுமதிச் சீட்டில் போய்வந்தார்கள். லடாக்குக்கும் பால்டிஸ்தானுக்கும் இடையே மட்டும் அப்படி ஒன்று வரவேயில்லை. கார்கில்–ஸ்கர்து பாதையைத் திறக்க வேண்டும் என்று லடாக் மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டும் பலனில்லை.

பகை தணியட்டும், பிறகு பார்க்கலாம் என்பது அடுத்த ஆட்சேபம். இதற்குக் கொரியாவைப் பார்க்கச் சொல்வேன். வடக்கும் தெற்கும் இன்றுவரை சமாதான ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை. சட்டப்படி போர் முடியவில்லை. ஆனாலும் 2000 முதல் 2018 வரை, இடையிடையே, பிரிந்த குடும்பங்களைச் சில நாட்கள் சந்திக்க வைத்தார்கள். அங்கிருந்து வரும் வேறொரு பாடம் கசப்பானது. தென்கொரியாவில் சந்திப்புக்காகப் பதிவுசெய்தவர்கள் 1.3 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் யாரையும் பார்க்காமலே இறந்துவிட்டார்கள். 1971-ல் 20 வயதில் பிரிந்தவருக்கு இன்று 75 வயதை ஒட்டியிருக்கும். உறவு சீராகும்வரை காத்திருங்கள் என்று அவரிடம் சொல்வது, பார்க்காமலே போய்ச் சேருங்கள் என்று சொல்வதற்குச் சமம்.

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2011 கணக்கெடுப்பில் லடாக்கின் மக்கள்தொகை 2.74 லட்சம், 2023-ல் அங்கே வந்த பயணிகள் 5 லட்சத்துக்கும் மேல். தண்ணீரும் குப்பையும் அங்கே பெரிய கவலை என்றாலும், துர்துக்கில் வீட்டிலேயே பயணிகளைத் தங்கவைக்கும் குடும்பங்களுக்கு அதில் நேர்மையான வருமானம் வருகிறது. எல்லைக் கிராமங்களை ‘கடைசி ஊர்’ என்பதற்குப் பதிலாக ‘முதல் ஊர்’ என்று சொல்லும் வழக்கத்தை அரசு கொண்டுவந்திருக்கிறது. எல்லைக் கிராமங்களுக்கான துடிப்பான கிராமங்கள் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு 2025 ஏப்ரலில் 6,839 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தரப்பட்டது. லடாக்கும் அதில் அடக்கம். சாலையும் செல்பேசி கோபுரமும் வரட்டும், நல்லதே. ஆனால் ஊரை முதல் ஊர் என்று அழைத்துவிட்டு, அந்த ஊராரின் முதல் தேவையைக் கேட்காமல் விடுவது நியாயமல்ல.

துர்துக்குக்குப் போகிறவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். தாங்கில் படம் எடுத்துக்கொண்டு மாலைக்குள் நூப்ரா விடுதிக்குத் திரும்பிவிடாதீர்கள். ஊரிலேயே ஓர் இரவு தங்குங்கள்; கொடுக்கும் காசு அங்குள்ள வீட்டுக்கே போகட்டும். நீங்கள் இந்தியரா, பாகிஸ்தானியரா என்று அந்த மனிதர்களிடம் கேட்காதீர்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர்கள் இந்தியக் குடிமக்கள். ஊர் திரும்பியதும் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தாங்கிலோ கார்கிலிலோ ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு சந்திப்பு முகாம் நடக்க வேண்டும் என்று அதில் கேளுங்கள்.