தனி வீடு, ஆனால் தனிமையில்லை



கிளிநொச்சி மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமமொன்றில் 74 வயது ஆச்சி ஒருவர் தனியாக வாழ்கிறார். சென்ற மாரியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து அவரது மணிக்கட்டு முறிந்தது. வவுனியாவிலிருந்து மகள் ஓடி வந்தார்.

"இனி உங்களைத் தனிய விடேலாது. என்னோடை வாங்கோ அம்மா."

"தம்பி வந்தால் ஆரைத் தேடுவான்? நான் வரேல்லை, பிள்ளை."

தம்பி என்று அவர் சொன்னது, 2009 இல் காணாமற்போன மகனை. மகளின் பயமும் நியாயம், தாயின் விருப்பமும் நியாயம். ஆகவே, ஆச்சி இங்கேயே இருப்பதற்கு என்னென்ன வேண்டும் என்று மூவரும் இருந்து யோசித்தோம்.

முதலில் விழுந்த இடத்தைப் பார்த்தோம். கிணற்றடிப் பாசியைத் தேய்த்து அகற்றினோம். வீட்டிலிருந்து மலசலகூடம் வரை பிடித்து நடக்கத் தடிகள் கட்டினோம். இரவுக்கு ஒரு வெளிச்சம் போட்டோம். பாயிலிருந்து எழும்பச் சிரமப்பட்டவருக்கு ஒரு கட்டில் கிடைத்தது.

அடுத்தது கண். விழுந்ததற்குப் பாசி மட்டும் காரணமல்ல, வெண்புரையும்தான். அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. இப்போது அரிசியில் கல் பொறுக்குகிறார். குளிசைகளையும் தானே பார்த்து எடுக்கிறார்.

மூன்றாவது, தன் கையில் காசு. ஆச்சியிடம் ஐந்து கோழிகளும் இரண்டு முருங்கையும் உண்டு. வருமானம் குறைந்த, 70 வயதைக் கடந்தவர்களுக்கான அரசாங்கக் கொடுப்பனவும் வருகிறது. வங்கிப் புத்தகம் அவரிடமே இருக்கிறது. 60 வயதானவர்கள் முதியோர் அடையாள அட்டைக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். தம்மைப் பராமரிக்க முடியாத பெற்றோர், வசதியுள்ள பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரவும் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது.

எல்லாவற்றிலும் பெரியது அயல். காலையில் ஆச்சி முற்றம் கூட்டும் சத்தம் கேட்காவிட்டால் பக்கத்து வீட்டுத் தங்கச்சி வந்து எட்டிப் பார்ப்பார். அவர் கூலிவேலைக்குப் போகும் நாட்களில், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது ஆச்சி. இதில் தருமம் எதுவுமில்லை. இரண்டு பெண்களின் கொடுக்கல் வாங்கல்தான்.

"நடக்க ஏலாமல் போனால்?" என்று மகள் கேட்டார். அப்போது வவுனியாவுக்கு வருவதாக ஆச்சி ஒத்துக்கொண்டார். ஒரேயொரு நிபந்தனை: மகளின் தொலைபேசி இலக்கத்தைப் படலையில் பெரிதாக எழுதிவிட வேண்டும்.

சகோதரிகளே, துணையை இழந்த எங்களில் பலர் நாளை இப்படித்தான் முதுமையடைவோம். இந்த மாதம் உங்கள் அயலில் தனித்திருக்கும் ஓர் அம்மாவிடம் போய், "இரவிலை வெளியிலை போறதுக்கு என்ன செய்யிறியள்?" என்று கேட்டுப் பாருங்கள். செய்ய வேண்டிய வேலை அந்தப் பதிலிலேயே தெரியவரும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.