வீடு மாறும்போது பூனையை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு



நம் ஊரில் வீடு மாறுவது புதினமில்லை. மகளுக்குக் கலியாணம் முடித்து வீட்டைக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் வேறு வீட்டுக்குப் போகிறார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் போகிறார்கள். லொறியில் அலுமாரி ஏறுகிறது, கட்டில் ஏறுகிறது, உடைந்த கதிரையும் ஏறுகிறது. ஐந்து வருசமாக அந்த வீட்டில் எலி பிடித்த பூனை மட்டும் மதிலில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "பூனைக்கு ஆள் முக்கியமில்ல, வீடுதான் முக்கியம். அது இங்கேயே இருந்துக்கும்."

இதில் பாதி உண்மை. பூனை இடத்தோடு ஒட்டுகிற பிராணிதான். கதவு நிலையிலும் மேசைக் காலிலும் கன்னத்தை உரசித் தன் வாசத்தைப் பூசி வைக்கும். அந்த வாசம் இருக்கும் இடம்தான் அதற்குப் பயமில்லாத இடம். ஆனால் அந்த வீட்டில் மீன்தலை வைத்தது சுவரா, நாமா? புதிதாகக் குடிவந்தவர் குசினிக் கதவைச் சாத்தினால் அந்த "முக்கியமான வீடு" அதற்கு என்ன கொடுக்கும்? மகள் அதே வீட்டில் இருந்து "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பொறுப்பெடுத்தால் பூனை அங்கேயே இருக்கட்டும், அதுதான் அதற்கும் நல்லது. பொறுப்பெடுக்க ஆளில்லாமல் விட்டுப் போவதற்குப் பெயர் கைவிடுதல்.

இன்னும் சிலர் சாக்கில் கட்டிக்கொண்டு போய் மீன் மார்க்கட்டில் விடுகிறார்கள். "அங்கே சாப்பாடு கிடைக்கும்" என்பது அவர்கள் நியாயம். அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் வந்ததை விரட்டிக் கடிக்கும். தடுப்பூசி போடாத பூனைக்கும் விசர்நோய் வரும், அது கடித்தால் மனிசனுக்கும் வரும். மார்க்கட்டுக்குப் போகும் பிள்ளை யாருடைய பிள்ளை?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம் சனங்களுக்குக் கையில் ஒரு பையோடு வெளியேறத்தான் அவகாசம் இருந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடவே நேரம் போதவில்லை. அன்று விட்டுவந்த ஆட்டையும் மாட்டையும் பூனையையும் பற்றி யாரும் நம்மிடம் கணக்குக் கேட்க முடியாது. ஒரு மாதத்துக்கு முன்பே லொறி பேசி வைத்துவிட்டுப் போகிறவருக்கு அந்தச் சாட்டு இல்லை.

செய்ய வேண்டியதும் பெரிய வேலையில்லை. போவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே காற்றுப் போகிற ஒரு கூடையையோ பெட்டியையோ வீட்டில் திறந்து வையுங்கள். அதற்குள் பூனை படுக்கும் பழைய துணியைப் போடுங்கள், கழுவ வேண்டாம், அந்த வாசம்தான் மருந்து. சாமான் ஏற்றும் நாளில் பூனையை ஓர் அறையில் பூட்டி வைத்துக் கடைசியாக எடுங்கள். லொறியின் மேல் ஏற்றாமல் உங்களோடு கொண்டு போங்கள். வெயிலில் மூடிய வாகனத்துக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

புதிய வீட்டில் முதல் சில நாள் ஒரே ஓர் அறை போதும். அதே துணி, தண்ணீர், சாப்பாடு, ஒரு மூலையில் பேசினில் மண். கட்டிலுக்குக் கீழே ஒளிந்தால் இழுத்து எடுக்காதீர்கள், தானாக வரும். பிறகு மற்ற அறைகளைத் திறந்து விடுங்கள். இரண்டு மூன்று கிழமை கழிந்த பிறகுதான் வெளிவாசல். அதுவும் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு, பசியோடு விட்டால் திரும்பி வரும். இதைச் செய்யாமல் முதல் நாளே வெளியே விடுவதால்தான் பழைய வீட்டைத் தேடி ரோட்டில் அடிபடுகின்றன. பழைய வீட்டுக்கே போய்விட்டால் அங்கிருப்பவர்கள் சாப்பாடு வைக்காமல் உங்களுக்குக் கோல் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஒன்றுமே தின்னாவிட்டால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

வாடியிலும் கடையிலும் காவலுக்கு நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாய் இடத்தை விட ஆளோடு ஒட்டுவது. நீங்கள் போன பிறகு பூட்டிய கேற்றடியில் காத்துக் கிடக்கும்.

1907ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அது எழுதி வைத்த ஆகக்கூடிய தண்டப்பணம் 100 ரூபாய். அதற்கு யாரும் பயப்படப் போவதில்லை. ஆனால் பூனையைக் கட்டி வைத்து, தானும் உணவு கொடுக்காமல் அதைத் தேடித் தின்னவும் விடாத பெண்ணின் ஹதீஸ் நமக்குத் தெரியாததா? அபூஹுரைரா என்ற பெயரிலேயே பூனைக்குட்டி இருக்கிறதே! வகுப்பில் நாங்கள் இதைப் படிப்பிக்கிறோம். "அவ கட்டி வச்சா, நாங்க கட்டி வைக்கல்லயே, சும்மா விட்டுட்டுத்தானே வந்தம் சேர்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தேடித் தின்னத் தெரியாமல் நாம் சோறு போட்டுப் பழக்கிய பிராணி அது. இந்தச் சாட்டைப் பிள்ளைகள் வீட்டிலிருந்துதான் கொண்டு வருகிறார்கள்.

இந்த டிசம்பர் லீவிலும் பல வீடுகள் மாறும். பக்கத்து வீட்டில் லொறி நின்றால் சாமான் ஏற்றக் கை கொடுப்போம். கூடவே, "பூனையை யார் கொண்டு போற?" என்று ஒரு தடவை கேட்போம்.